மைக்ரோவேவில் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த பவர்? ஓரம் கொதிக்கிறது, நடு ஜில்லென்று இருக்கிறது

பிடோக்_மீனா:
வீட்டில் இருப்பது 20 லிட்டர் மைக்ரோவேவ், திருகும் குமிழ் வகை. மேல் குமிழில் ஹை, மீடியம் ஹை, மீடியம், மீடியம் லோ, லோ என்று ஐந்து நிலை. கீழ்க் குமிழ் நேரத்துக்கு. எதை வைத்தாலும் ஹைதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கோழிக் குருமாவை 3 நிமிடம் வைத்தால் ஓரமெல்லாம் கொதித்துச் சுவரில் தெறிக்கிறது, நடுவில் உள்ள துண்டைப் பிய்த்தால் உள்ளே ஜில்லென்று இருக்கிறது. இட்லி கல்லாகிவிடுகிறது. உறையவைத்த கீமாவின் ஓரம் வெந்து வெள்ளையாகிறது, நடு அப்படியே பனிக்கட்டி. கையேட்டில் பாப்கார்னுக்கும் பீட்சாவுக்கும்தான் அளவு போட்டிருக்கிறார்கள். நம் சாப்பாட்டுக்கு எந்த நிலை, எவ்வளவு நேரம் என்று தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

சுருள்கம்பி:
மீனா, உங்கள் மூன்று பிரச்சினைக்கும் காரணம் ஒன்றுதான். அலை உணவுக்குள் போகும் ஆழம் குறைவு. தண்ணீர்ச் சத்துள்ள உணவில் ஓரிரண்டு சென்டிமீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். உப்பு அதிகமென்றால் அந்த ஆழம் இன்னும் குறையும். "மைக்ரோவேவ் உள்ளிருந்து வெளியே வேகவைக்கும்" என்று சொல்வார்கள், அது தவறு. வெளிப்புறத்து ஓரிரு சென்டிமீட்டர்தான் நேரடியாகச் சூடாகிறது. அங்கிருந்து நடுவுக்குச் சூடு மெல்ல நகர்ந்துதான் போக வேண்டும். அது நகர நேரம் வேண்டும். ஹையில் வைத்தால் அந்த நேரம் கிடைப்பதில்லை.

பவரைக் குறைப்பது அந்த நேரத்தைக் கொடுக்கத்தான்.

அடுத்தது, குமிழ் என்ன செய்கிறது என்பது. உங்களுடையது டிரான்ஸ்ஃபார்மர் வகையாகத்தான் இருக்கும். அதில் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் எப்போதும் முழு பவரில்தான் ஓடும், அரை பவர் என்று ஒன்று அதற்குக் கிடையாது. மீடியத்தில் வைத்தால் பாதி நேரம் ஓடும், பாதி நேரம் அணைந்திருக்கும். ஒரு சுற்று பெரும்பாலும் 20 முதல் 30 விநாடி. காதை வைத்துக் கேட்டால் தெரியும்: தட்டும் விசிறியும் ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குள் "ம்ம்ம்" என்று ஒரு கனத்த ரீங்காரம் வரும், நிற்கும், மறுபடி வரும். ரீங்காரம் கேட்கும்போதுதான் உணவு சூடாகிறது. ஒரு கப் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிட்டு மீடியம் லோவுக்கு மாற்றிப் பாருங்கள். கொஞ்ச நேரம் குமிழியிடும், பிறகு அடங்கும், மறுபடி குமிழியிடும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் உங்கள் அடுப்பின் சுற்று எத்தனை விநாடி என்று தெரிந்துவிடும்.

ஏன் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், குறைந்த நேரத்துக்கு வைக்கும்போது இந்தச் சுற்று கணக்கைக் கெடுத்துவிடும். சுற்று 30 விநாடி, நிலை 30 சதவீதம் என்று வையுங்கள். முதல் 9 விநாடி ஓடும், 21 விநாடி அணையும். நீங்கள் 20 விநாடிதான் வைத்தீர்கள் என்றால், கிடைப்பது 9 விநாடி ஓட்டம், 11 விநாடி ஓய்வு. அது 30 அல்ல, 45 சதவீதம். 9 விநாடிக்கு வைத்தால் அது அப்பட்டமான ஹை. ஆகவே ஒரு சுற்றுக்கும் குறைவான நேரத்துக்கு பவர் நிலை என்பதற்கு அர்த்தமே இல்லை. இன்னொரு பக்கம், மேக்னட்ரானின் இழை சூடேற ஒவ்வொரு முறையும் 2 விநாடி போகும். லோவில் 30 விநாடிக்கு 3 விநாடிதான் ஓட்டம் என்றால், உருப்படியாக வருவது 1 விநாடி.

இன்வெர்ட்டர் வகை வேறு. அதில் நிஜமாகவே குறைந்த பவர் தொடர்ச்சியாக வரும். முன்பக்கத்திலேயே இன்வெர்ட்டர் என்று எழுதியிருக்கும். அதிலும் மிகக் குறைந்த நிலைகளில் அணைந்து அணைந்து ஓடுவது உண்டு.

தேக்கா_சமையலறை:
சுருள்கம்பி அண்ணன் சொன்னதை வைத்துக்கொண்டு நம் சாப்பாட்டுக்கு வருவோம். நான் எழுதும் அளவெல்லாம் 800 வாட் அடுப்புக்கு, ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த உணவுக்கு. ஹை 100, மீடியம் ஹை 70, மீடியம் 50, மீடியம் லோ 30, லோ 10 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

குருமா, சொதி, மீன் குழம்பு, ரெண்டாங், லக்சா குழம்பு, தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவானாலும் மீடியம். 400 கிராம் குருமாவுக்கு 5 நிமிடம். முதல் 2 நிமிடம் கழித்துத் திறந்து, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளிக் கலக்குங்கள். 4 நிமிடத்தில் இன்னொரு முறை. எடுத்தபின் மூடி போட்டு 2 நிமிடம் அப்படியே விடுங்கள். தேங்காய்ப்பால் ஏன் திரிகிறது என்றால், ஓரம் தளதளவென்று கொதிக்கும்போது அங்கே பாலில் உள்ள புரதம் கட்டிப்பட்டு எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும். நடு இன்னும் ஆறியே இருக்கும். கடைசியில் கலக்கினாலும் பிரிந்தது சேராது, மேலே துகள் துகளாக நிற்கும்.

தெறிப்பதற்குக் காரணம் குழம்பின் கெட்டித்தன்மை. தண்ணீரென்றால் சூடானது மேலே ஏறி ஆறியது கீழே இறங்கிச் சுற்றும். கெட்டிக் குழம்பு சுற்றாது. அடியில் ஓரிடம் கொதித்து ஆவி சேர்ந்து, மேலே வழியில்லாமல் "டப்" என்று வெடித்துக்கொண்டு வரும். பருப்பு, சாம்பார், டால்ச்சா எல்லாம் இந்த இனம். சாம்பார் 300 மில்லி மீடியம் ஹையில் மூன்றேகால் நிமிடம், பாதியில் ஒரு கலக்கு. ரசம் தண்ணீர்தானே, அதற்கு ஹை போதும்.

கோழித் துண்டு பெரிதாக இருந்தால் எலும்பை ஒட்டிய இடம்தான் கடைசியில் சூடாகும். கனத்த பகுதி தட்டின் வெளி ஓரத்தைப் பார்த்தும், மெல்லிய பகுதி நடுவைப் பார்த்தும் இருக்கட்டும். கறியை வட்டமாக ஓரத்தில் அடுக்கி நடுவில் குழி விட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நடுவே இல்லையென்றால் நடு ஆறியிருக்க வழியில்லை.

சோறு 200 கிராமுக்கு ஹையில் ஒன்றரை நிமிடம், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டு. சோற்றுக்கு ஹை பாதகமில்லை, பருக்கைக்கு நடுவே ஆவி நுழைய இடமுண்டு. தண்ணீர் தெளிக்காமல் வைத்தால்தான் விறைத்துப்போகிறது.

பிடோக்_மீனா:
இட்லிக்கு அக்கா?

தேக்கா_சமையலறை:
இரண்டு இட்லி, நனைத்துப் பிழிந்த சமையலறைத் தாளை மேலே போர்த்தி, மீடியம் ஹையில் 1 நிமிடம். நான்கு இட்லியென்றால் 1 நிமிடம் 45 விநாடி. எடுத்ததும் தாளைப் பிரிக்காமல் 1 நிமிடம் விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது, ஒட்டியிருக்கும் பக்கம் ஆறியே இருக்கும். இட்லியைத் தொட்டால் சூடு, வாயில் வைத்தால் ரப்பர் என்றால் நேரம் கூடிவிட்டது, ஈரம் போய்விட்டது. அதற்கப்புறம் தண்ணீர் தெளித்துத் திரும்பவும் வைத்துப் பிரயோசனமில்லை, உதிர்த்து உப்புமா செய்துவிடலாம்.

ஈசூன்வாசி:
பிரியாணியையும் ஹையில் வைக்கலாம் என்பது என் கருத்து. அதுவும் சோறுதானே. 500 கிராம் பொட்டலம் மூன்றரை நிமிடத்தில் முடிகிறது. மீடியம் ஹையில் வைத்தால் 5 நிமிடம். வேலையிடத்தில் மதியம் 12 மணிக்கு மைக்ரோவேவுக்குப் பின்னால் வரிசை நிற்கும்போது அந்த ஒன்றரை நிமிடம் பெரிய விஷயம்.

தேக்கா_சமையலறை:
சோறு மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன் தம்பி. பிரியாணியில் உள்ளே கறி இருக்கிறது, அதன்மேல் நெய் படிந்திருக்கிறது. கறித் துண்டு சோற்றுக்குள் புதைந்திருப்பதால் அலை அதைப் போய்ச் சேர்வதற்குள் மேலே உள்ள சோறு பாதியைத் தின்றுவிடும். மூன்றரை நிமிடத்தில் சோறு ஆவி பறக்கும், தொடைக்கறியின் நடு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அவசரமென்றால் ஒரு வழி சொல்கிறேன்: கறியைத் தனியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வையுங்கள், முட்டையை எடுத்துவிடுங்கள், சோற்றை அகலமாகப் பரப்பி நடுவில் குழி விடுங்கள். இப்படி வைத்தால் ஹையில் 2 நிமிடம், ஒரு புரட்டல், இன்னும் ஒன்றரை நிமிடம். நேரம் நீங்கள் சொன்னதேதான், ஆனால் கறி சூடாகியிருக்கும்.

முட்டையை எதற்கு எடுக்கச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவித்த முழு முட்டையின் மஞ்சள் கருவில் ஈரம் 100 டிகிரிக்கு மேல் போனாலும் வெள்ளைக்கரு அதை அமுக்கி வைத்திருக்கும். அடுப்பில் வெடிக்காமல் தப்பித்தால், பல் பட்டதும் வாயில் வெடிக்கும். எந்த பவரிலும் முழு முட்டை வைக்காதீர்கள். இரண்டாக வெட்டினால் மீடியத்தில் வைக்கலாம்.

ஈசூன்வாசி:
கறியைத் தனியே எடுப்பது நல்ல யோசனை அக்கா. முட்டை விஷயம் எங்கள் பேன்ட்ரியில் எழுதி ஒட்ட வேண்டிய ஒன்று.

உணவுத்தரம்:
சமையல் தொழிலில் உணவுப் பாதுகாப்பு பார்க்கும் பக்கத்திலிருந்து இரண்டு எண் சொல்கிறேன். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் இடைவெளி. சூடுபடுத்தும்போது நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட வேண்டும். சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்லும் எண்களும் இவைதான். குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. அதைக் கறியின் கனத்த இடத்தில், எலும்பில் படாமல் குத்துங்கள். மைக்ரோவேவில் சூடாக்கியதை ஓரிடத்தில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, துண்டுக்குள் ஒன்று என மூன்று இடம். வெப்பமானி உள்ளே இருக்க அடுப்பை ஓட்டக் கூடாது.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சோற்றில் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. நம் ஊர் 30 டிகிரி வெக்கையில் சோறு இரவு முழுக்கப் பானையில் இருந்தால் அவை முளைத்து நஞ்சை விடும். அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. ஹையில் 10 நிமிடம் வைத்தாலும் அது அப்படியே இருக்கும். ஆகவே சோறு வடித்து 2 மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி, ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். இது பவர் நிலையால் சரிசெய்யக்கூடிய தவறு அல்ல.

புதுப்பானை:
உறையவைத்த கீமாவுக்கு மீனா கேட்டதை யாரும் சொல்லவில்லையே. எனக்கும் அதுதான் வேண்டும். டீஃப்ராஸ்ட் பொத்தானில் எடையைப் போட்டாலும் ஓரம் வெந்துவிடுகிறது.

சுருள்கம்பி:
இங்கேதான் பவர் நிலை உண்மையில் வேலை செய்ய வேண்டிய இடம்.

பனிக்கட்டி மைக்ரோவேவை மிகக் குறைவாகவே உறிஞ்சும். தண்ணீர் மிக நன்றாக உறிஞ்சும். உறைந்த கறியின் ஓரத்தில் ஒரு துளி உருகியதும், அந்தத் துளி பக்கத்துப் பனியைவிடப் பல மடங்கு சூட்டை இழுக்க ஆரம்பிக்கும். உருகிய இடம் மேலும் சூடாகும், சூடான இடம் மேலும் உருகும். ஓரம் 70 டிகிரிக்குப் போய் வெந்தபோதும் நடு மைனஸில் நிற்பது இதனால்தான். மீடியம் லோவில் ஓட்டம் 9 விநாடி, ஓய்வு 21 விநாடி என்று வரும்போது, அந்த ஓய்வில் ஓரத்துச் சூடு பனிக்குள் இறங்கிவிடும். ஓய்வுதான் இங்கே வேலை செய்கிறது.

எடை போடும் பொத்தானும் இதையேதான் செய்கிறது, ஆனால் கட்டியின் வடிவம் அதற்குத் தெரியாது. 500 கிராம் கீமா பந்து மாதிரி இருந்தாலும் தோசை மாதிரி இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

தேக்கா_சமையலறை:
உறையவைக்கும்போதே தோசை மாதிரி வைத்துவிடுவதுதான் வழி. ஜிப் பையில் 500 கிராம் கீமாவைப் போட்டு 2 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாக அமுக்குங்கள். பையின் மேல் சாப்ஸ்டிக்கால் நாலாகக் கோடு போட்டு உறையவையுங்கள். பிறகு அந்தக் கோட்டில் சாக்லேட் மாதிரி உடையும்.

உருக்க: மீடியம் லோவில் மொத்தம் 7 முதல் 8 நிமிடம், பையிலிருந்து எடுத்துத் தட்டில். 3 நிமிடத்தில் திருப்புங்கள். 5 நிமிடத்தில் உருகி உதிர்ந்ததையெல்லாம் முட்கரண்டியால் சுரண்டி வெளியே எடுத்துவிடுங்கள், மீதிக் கட்டி மட்டும் திரும்பப் போகட்டும். இந்த ஒரு காரியத்தைச் செய்யாததால்தான் ஓரம் வேகிறது. தட்டில் கசிந்து நிற்கும் சிவப்புத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள், அதுவே சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். நடுவில் இன்னும் கொஞ்சம் பனி இருக்கும்போதே நிறுத்திப் 10 நிமிடம் வெளியே விட்டால் தானாக இளகும். முழுக்க இளகும்வரை அடுப்பிலேயே வைக்கப் பார்த்தால் ஓரம் போச்சு.

வஞ்சிரத் துண்டு 400 கிராம் என்றால் மீடியம் லோவில் 5 முதல் 6 நிமிடம். வால் பக்கத்துச் சின்னத் துண்டுகள் நடுவில், பெரியவை ஓரத்தில். இறாலை மைக்ரோவேவில் உருக்காதீர்கள். வால் நுனி நிமிடத்தில் சுருண்டு சிவந்துவிடும். பைக்குள் வைத்துக் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் போட்டால் தீர்ந்தது. பேரங்காடியில் வாங்கும் உறைந்த தேங்காய்த் துருவல் 200 கிராம் மீடியம் லோவில் இரண்டரை நிமிடம், பாதியில் கட்டியை உடைத்துவிடுங்கள். சட்னிக்கு இது போதும்.

உணவுத்தரம்:
மைக்ரோவேவில் உருக்கிய கறியை உடனே சமைத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரம் ஏற்கெனவே வெதுவெதுப்பாகிவிட்டது. ஃபிரிட்ஜுக்குள் திருப்பி வைத்து மறுநாள் சமைப்பது கூடாது.

புதுப்பானை:
உணவங்காடியில் கட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் டப்பாவோடு அப்படியே வைக்கலாமா? பவரைக் குறைத்தால் பாதுகாப்பு என்று சொல்கிறார்கள்.

உணவுத்தரம்:
பவரைக் குறைப்பதால் டப்பா பாதுகாப்பாகிவிடாது. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன், சோறு சூடாக்கத் தாங்கும். 6 என்று இருக்கும் வெள்ளை நுரைப்பெட்டி கூடவே கூடாது. மெலமைன் தட்டும் கூடாது. பார்க்கப் பீங்கான் மாதிரி இருக்கும், தட்டினால் மரச் சத்தம் வரும்.

5 என்று போட்டிருந்தாலும் எண்ணெய்க் குழம்புக்கு அதை நம்பாதீர்கள். தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும், எண்ணெய் நிற்காது. குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் டப்பாவைத் தொடும் இடத்தில் ஒரு கோடு மாதிரி பிளாஸ்டிக் இளகும். பழைய டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குழம்பு நின்ற மட்டத்தில் சுற்றிலும் ஒரு வளையம் சொரசொரவென்று, பொடிப் பொடிக் குழியாக, மஞ்சள் சிவப்பேறி இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது, ஏனென்றால் அது மேலே படிந்தது அல்ல, இளகிய பிளாஸ்டிக்குக்குள் இறங்கியது. அந்த வளையம் தெரிந்தால் டப்பாவைச் சூடாக்குவதற்குப் பயன்படுத்தாதீர்கள். பீங்கான் அல்லது போரோசிலிகேட் கண்ணாடிக்கு மாற்றுங்கள்.

சுருள்கம்பி:
தங்கக் கோடு போட்ட பீங்கான் கோப்பையும் கூடாது. எவர்சில்வரும்தான். கோட்டில் பொறி ஓடும்.

ஈசூன்வாசி:
புரோட்டாவுக்கும், பாவுக்கும் (ஆவியில் வேகவைத்த சீன பன்) யாராவது சொல்லுங்கள். காலையில் வாங்கிய புரோட்டா மாலையில் தோலாகிவிடுகிறது.

தேக்கா_சமையலறை:
புரோட்டாவை மைக்ரோவேவில் முழுக்கச் சூடாக்கக் கூடாது தம்பி. சமையலறைத் தாளில் சுற்றி மீடியம் ஹையில் 20 விநாடி, உள்ளே இளகினால் போதும். உடனே எண்ணெய் விடாத காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு 30 விநாடி. மைக்ரோவேவில் 1 நிமிடம் வைத்தால் எடுத்த நிமிடம் பஞ்சு மாதிரி இருக்கும், 3 நிமிடத்தில் இழுத்தாலும் கிழியாது. ஈரம் போன மாவு ஆறும்போது இறுகிவிடுகிறது. சப்பாத்தி, ரொட்டி எல்லாம் இதே கதை. வடை, பஜ்ஜி, சமோசாவுக்கு மைக்ரோவேவே வேண்டாம், ஏர் ஃப்ரையரில் போடுங்கள்.

சுருள்கம்பி:
அக்கா, ஒரு திருத்தம். டிரான்ஸ்ஃபார்மர் அடுப்பில் 20 விநாடிக்கு மீடியம் ஹை என்றால், சுற்று 30 விநாடியாக இருக்கும் பட்சத்தில் அது முழுக்க ஹைதான். முதல் 21 விநாடி அணையாமல் ஓடும். புரோட்டாவுக்கு ஹையில் 15 விநாடி என்று வைத்துக்கொண்டால் எல்லா அடுப்புக்கும் பொருந்தும்.

இன்னொன்று, திருகும் குமிழ் டைமர் 2 நிமிடத்துக்குக் கீழே துல்லியமாக நிற்காது. குமிழை 2 நிமிடத்தைத் தாண்டித் திருப்பி, பிறகு வேண்டிய இடத்துக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். அப்போதுதான் சுருள்வில் சரியாகப் பிடிக்கும். 15 விநாடிக்கெல்லாம் கைப்பேசியில் எண்ணிவிட்டுக் கதவைத் திறப்பதே மேல்.

தேக்கா_சமையலறை:
சரிதான் அண்ணே, அந்தக் கணக்கை நான் பார்க்கவில்லை. புரோட்டாவுக்கு ஹையில் 15 விநாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாவுக்கு வருகிறேன். ஃபிரிட்ஜில் இருந்த ஒரு பாவ், ஈரத் தாள் போர்த்தி, மீடியத்தில் 1 நிமிடம், வெளியே 1 நிமிடம். இனிப்புப் பூரணம் வைத்த பாவில் கவனம் தேவை. மாவு காற்று நிறைந்தது, மெதுவாகத்தான் சூடு ஏறும். உள்ளே இருக்கும் தாமரை விதைப் பூரணமோ சிவப்பு அவரைப் பூரணமோ சர்க்கரையும் கொழுப்புமாக அடர்த்தியாக இருக்கும், சட்டென்று ஏறி, ஏறிய சூட்டை விடாது. தோலைத் தொட்டால் வெதுவெதுப்பு, கடித்தால் நாக்கு வெந்துவிடும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பிளந்து கொடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கிய கேசரி, அல்வாவுக்கும் இதே எச்சரிக்கை.

பால் 200 மில்லி மீடியம் ஹையில் ஒன்றரை நிமிடம், பொங்காது. நெய் 100 கிராம் மீடியத்தில் 30 விநாடி, கலக்கி இன்னொரு 15. சாக்லேட் 100 கிராம் மீடியத்தில் 30 விநாடி வீதம், ஒவ்வொரு முறையும் கலக்குங்கள். சாக்லேட் உருகினாலும் உருவம் கலையாமல் நிற்கும், கண்ணால் பார்த்து முடிவு செய்தால் கருகிவிடும்.

உணவுத்தரம்:
பாலென்றதும் ஒன்று. கைக்குழந்தைக்குப் புட்டிப் பாலை மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், தாய்ப்பாலானாலும் மாவுப்பாலானாலும். புட்டியின் வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் மட்டும் வாய் பொத்துப்போகும் சூடு நிற்கும். சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துச் சூடாக்குங்கள்.

புதுப்பானை:
சோறு வடிக்கவே மைக்ரோவேவைப் பயன்படுத்தலாமா? வாடகை அறை, அடுப்பு வைக்க விடமாட்டார்கள்.

தேக்கா_சமையலறை:
தாராளமாக. பாஸ்மதி 1 கப், கழுவி 20 நிமிடம் ஊறவைத்து வடித்தது. தண்ணீர் 2 கப். பாத்திரம் குறைந்தது இரண்டரை லிட்டர் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கஞ்சி பொங்கிக் கண்ணாடித் தட்டுக்கடியில் ஓடும். மூடாமல் ஹையில் 5 நிமிடம், கொதி வந்துவிடும். பிறகு மூடியைக் கொஞ்சம் திறந்த மாதிரி வைத்து மீடியத்தில் 12 நிமிடம். நிறுத்தி மூடியை இறுக்கி 5 நிமிடம் விடுங்கள். கொதித்த பிறகும் ஹையிலேயே விட்டால் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், பருக்கை நடுவில் கல் மாதிரி நிற்கும். அரிசி தண்ணீரைக் குடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பவரைக் கூட்டிக் குறைக்க முடியாது.

உருளைக்கிழங்கு 2, மொத்தம் 300 கிராம், முட்கரண்டியால் ஏழெட்டுக் குத்துக் குத்தி, ஹையில் 6 நிமிடம், பாதியில் திருப்பி. மசாலாவுக்குத் தோலுரித்து மசித்துக்கொள்ளலாம். அப்பளம் ஒன்று ஹையில் 45 விநாடி, எண்ணெயே வேண்டாம்.

பிடோக்_மீனா:
எல்லாம் 800 வாட்டுக்குச் சொல்கிறீர்கள். என் அடுப்பின் பின்னால் 1100 வாட் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் நேரத்தைக் குறைக்க வேண்டுமா?

சுருள்கம்பி:
குறைத்துவிடாதீர்கள். 1100 என்பது சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரமாக இருக்கும். பின்னால் உள்ள அதே ஒட்டுத்தாளில் வெளியீடு என்று இன்னொரு எண் இருக்கும். 20 லிட்டர் குமிழ் வகைக்குப் பெரும்பாலும் 700. மீதி மேக்னட்ரானிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் சூடாகப் போய்விடும், அதைத்தான் விசிறி பின்னால் ஊதித் தள்ளுகிறது.

பழைய அடுப்பில் ஒட்டில் இருப்பதும் வராது. நீங்களே அளந்துவிடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் ஜாடியில் சரியாக 1 லிட்டர் குழாய்த் தண்ணீர். கனத்த கண்ணாடி வேண்டாம், அது சூட்டைப் பிடித்துக்கொள்ளும். கலக்கி வெப்பநிலையைக் குறியுங்கள், நம் குழாயில் 28, 29 டிகிரி இருக்கும். தட்டின் நடுவில் வைத்து ஹையில் 63 விநாடி, கைப்பேசியில் எண்ணி. அந்த 3 விநாடி இழை சூடேற. உடனே நன்றாகக் கலக்கி மறுபடி அளவுங்கள். ஏறிய டிகிரியை 70ஆல் பெருக்கினால் வாட். 1 லிட்டரை 1 டிகிரி ஏற்ற சுமார் 4,190 ஜூல், அதை 60 விநாடியால் வகுத்தால் 70. கம்பெனிகள் 10 டிகிரித் தண்ணீரில் தொடங்கி அளப்பதால் வீட்டு அளவு ஒட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், அது பழுது அல்ல. பாதிக்குப் பாதி குறைந்தால் மேக்னட்ரான் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மூடியைக் கழற்றிப் பார்க்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் உயிரைப் பறிக்கும் அழுத்தத்தில் நிற்கலாம்.

உள்ளே வலது பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒரு மைக்கா தகடு இருக்கும். அதில் குழம்பு தெறித்துக் காய்ந்திருந்தால் ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்த எண்ணெய் அந்த இடத்தில் கருகிப் பொறி பறக்கும், தகடு ஓட்டையாகும்.

ஈசூன்வாசி:
தண்ணீர் என்றதும் ஞாபகம். வழவழப்பான கோப்பையில் தண்ணீரைக் கொதிக்கவைக்கும்போது குமிழியே இல்லாமல் 100 டிகிரியைத் தாண்டிவிடும், காப்பித்தூளைப் போட்டதும் பீறிட்டு முகத்தில் அடிக்கும். மரக் குச்சி ஒன்றைக் கோப்பைக்குள் போட்டு வையுங்கள், எடுக்குமுன் அரை நிமிடம் விடுங்கள்.

பிடோக்_மீனா:
அளந்துவிட்டேன். 28 டிகிரியில் தொடங்கி 63 விநாடியில் 37. ஒன்பதை 70ஆல் பெருக்கினால் 630 வாட். ஒட்டில் வெளியீடு 700 என்றுதான் இருக்கிறது. மீடியம் ஹையில் ரீங்காரம் 20 விநாடி கேட்கிறது, 9 விநாடி நிற்கிறது.

சுருள்கம்பி:
நல்ல அடுப்புதான். சுற்று 29 விநாடி, மீடியம் ஹை என்பது 69 சதவீதம். அக்கா சொன்ன நேரத்தையெல்லாம் 800ஐ 630ஆல் வகுத்து வரும் 1.27ஆல் பெருக்குங்கள். நிலையை மாற்ற வேண்டாம், நேரத்தை மட்டும்.

தேக்கா_சமையலறை:
அப்படியானால் மீனா, குருமா 400 கிராம் மீடியத்தில் 6 நிமிடம் 20 விநாடி, இரண்டரை நிமிடத்தில் முதல் கலக்கு, ஐந்தில் இரண்டாவது. இரண்டு இட்லி மீடியம் ஹையில் 1 நிமிடம் 15. கீமா மீடியம் லோவில் 9 முதல் 10 நிமிடம், ஆறாவது நிமிடத்தில் உதிர்ந்ததைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். குருமாவில் கோழியின் நடுவில் வெப்பமானி 75 காட்டவில்லை என்றால் மீடியத்திலேயே 1 நிமிடம் கூட்டுங்கள், ஹைக்குப் போகாதீர்கள்.